இரண்டு நூல்களும் ஓர் ஊரும்

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் தமிழறிஞர்களும் இசைவாணர்களும் கூடியிருந்தார்கள். சுவாமி விபுலானந்தரின் 'யாழ்நூல்' அங்கே அரங்கேறியது. பழங்காலப் புலவர்கள் தம் நூலை அவையின் முன் வைத்து, கேள்விக்கு விடை சொல்லி, ஒப்புதல் பெற்ற பிறகே வெளியிட்டார்கள் என்று படித்திருக்கிறோம். அந்த வழக்கத்தை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் பார்க்கக் கிடைத்த அரிய தருணங்களில் இது ஒன்று. அரங்கேற்றம் முடிந்த 43ஆம் நாள், ஜூலை 19ஆம் திகதி, சுவாமிகள் கொழும்பில் காலமானார்.

எங்கள் கரையில் விபுலானந்தர் பெயரை அறியாதவர் இல்லை. அவர் பிறந்த காரைதீவு, நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது என்று தெற்கே போனால் அடுத்து வரும் ஊர். ஆங்கிலக் கல்வி தேடி அவர் வந்த பள்ளி கல்முனையில் மெதடிஸ்த மிஷனார் நடத்தியது. ஆண்டுதோறும் நினைவு விழா நடக்கிறது, பேச்சுப் போட்டி நடக்கிறது, மாலை போடுகிறோம். நாற்பது ஆண்டுக் காலப் பத்திரிகைத் தொழிலில் இந்த விழாக்களைப் பற்றி நானே எத்தனை செய்தி எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆயினும் யாழ்நூல் எதைப் பற்றிய நூல், அது ஏன் மட்டக்களப்பிலோ கொழும்பிலோ அரங்கேறாமல் காவிரிக்கரையில் அரங்கேறியது என்ற கேள்வியை அந்த மேடைகளில் நான் கேட்டதில்லை. அதற்கு விடை தேடப் புகுந்தால் தஞ்சாவூர் நகரத்துக்கும், அந்நகரத்தில் 1912இல் தொடங்கிய ஒரு பழக்கத்துக்கும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூரின் இசைப் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். 1010இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ஆடல்பாடலுக்காகக் குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றியும், திருப்பதியம் பாட நியமிக்கப்பட்ட 48 பிடாரர்களைப் பற்றியும் குறிப்பு உண்டு. யார் எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாம் வீட்டில் இருந்தார் என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில், வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை'யை எழுதி 72 மேளங்களுக்கு வரைவு தந்தார். பின்னர் வந்த மராத்திய மன்னர்களில் துளஜா தாமே சங்கீத நூல் எழுதியவர். இரண்டாம் சரபோஜியின் காலத்தில் அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியக் குழு இருந்தது, சரஸ்வதி மகால் நூலகம் பெருகியது, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் இன்றைய பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை வகுத்தார்கள்.

1855இல் கடைசி மராத்திய மன்னர் ஆண் வாரிசின்றி இறக்க, ஆங்கிலேயர் அரசை எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் கொடுத்தவர் போனால் வித்துவான் என்ன செய்வார்? மைசூருக்குப் போனார், திருவிதாங்கூருக்குப் போனார், பிறகு சென்னைக்குப் போனார். நூற்றாண்டு திரும்பியபோது தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் இருந்தார்கள், நட்டுவனார் குடும்பங்கள் இருந்தன, ஏட்டுச் சுவடிகள் இருந்தன. இவர்களை ஒரே இடத்தில் அமர்த்தி, சோறு போட்டு, பேசவைக்கும் அரசவை மட்டும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தவர் ஒரு நாட்டு வைத்தியர் என்பதுதான் வியப்பு.

ஆபிரகாம் பண்டிதர் 1859 ஆகஸ்ட் 2ஆம் திகதி தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். கிறிஸ்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார், அங்கேயே பிடிலும் கற்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரிடம் சித்த மருந்து முறைகளைப் பெற்றதாகச் சொல்லி, அந்தக் குருவின் பெயரையே பின்னர் தாம் செய்த எல்லாவற்றுக்கும் இட்டார். 1883இல் தஞ்சாவூருக்கு வந்து, மனைவியோடு ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், 1890 அளவில் வேலையை விட்டு முழுநேர வைத்தியர் ஆனார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் நன்றாக விற்றன. நகருக்கு வெளியே நிலம் வாங்கிக் கருணானந்தபுரம் என்ற தோட்டத்தை உண்டாக்கினார். கரும்பு முதலிய பயிர்களில் அவர் செய்த சோதனைகள் அந்நாளில் பேசப்பட்டவை. 1909இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. இவ்வளவும் ஒரு மனிதன் நிறைவோடு ஓய்வெடுக்கப் போதுமானவை.

அவர் ஓய்வெடுக்கவில்லை. இசையில் சுருதி எத்தனை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

கேள்வி இதுதான். ச என்ற ஓசைக்கும் அதன் இரட்டிப்பான மேல் ச என்ற ஓசைக்கும் இடையே நுண்ணிய படிகள் எத்தனை? பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சார்ங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' உள்ளிட்ட வடமொழி நூல்கள் 22 என்கின்றன. பெரும்பாலான வித்துவான்களும் 22 என்றே சொல்வார்கள். ஆனால் அந்த 22 எங்கெங்கே நிற்கின்றன என்று கேட்டால் ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துவராது. பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் பழைய உரைகளையும் எடுத்துக்கொண்டு, தமிழர் கணக்கு 24 என்றார். ஆயப்பாலையில் 12 அரைச்சுரங்கள், வட்டப்பாலையில் அவற்றின் பாதி 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று கணக்கு விரிந்துகொண்டே போனது. வட்டப்பாலையில் பாடும்போது இரண்டு அலகு குறைத்துப் பாடும் வழக்கத்தைப் பிற்காலத்தார் சரியாக விளங்கிக்கொள்ளாததே 22 என்ற எண்ணுக்குக் காரணம் என்பது அவர் கட்சி.

இதைத் தம் வீட்டு மேசையில் எழுதி அச்சிட்டு விநியோகித்திருக்கலாம், பணமும் இருந்தது. பண்டிதர் வேறு வழியைத் தேர்ந்தார். 1912 மே 27ஆம் திகதி தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, அதன் பெயரால் மாநாடுகளைக் கூட்டினார். 1916க்குள் ஏழு மாநாடுகள் நடந்தன. செலவு முழுவதும் அவருடையது. பாடகர்களும் வைணிகர்களும் சாஸ்திரம் அறிந்தவர்களும் பல ஊர்களிலிருந்து வந்து தங்கினார்கள், பாடினார்கள், வாதாடினார்கள்.

இந்த மாநாடுகளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். வாதம் என்றால் பேச்சு மட்டுமன்று. ஒருவர் 22 என்றால், இதோ வீணை, இதிலே காட்டும் என்று சொல்லலாம். சுருதியைப் பற்றிய வழக்கில் சாட்சி காதுதான். அதற்கு வாத்தியமும் வாசிப்பவரும் மறுப்பவரும் ஒரே கூடத்தில் இருந்தாக வேண்டும், அதுவும் ஒரு மணி நேரம் போதாது. முதல் நாள் பிடிவாதமாக மறுத்தவர், இரவு உறங்கி எழுந்து, மறுநாள் காலை மீட்டிப் பார்த்து, கொஞ்சம் இறங்கி வருவார். அல்லது இன்னும் பலமான காரணத்தோடு வருவார். தங்கிக் கேட்பதற்கும் வந்து கேட்டுவிட்டுப் போவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. சென்னையில் காங்கிரஸ் மகாசபையை ஒட்டி அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது 1927இல், அதன் பயனாக மியூசிக் அகாடமி பிறந்தது 1928இல். தஞ்சாவூரில் ஒரு வைத்தியர் தம் கைப்பணத்தில் இதைத் தொடங்கியது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னால்.

பண்டிதரின் புகழ் வடக்கே எட்டியது. 1916 மார்ச் மாதம் பரோடாவில், மன்னர் கெய்க்வாடின் ஆதரவில், பாத்கண்டே முன்னின்று கூட்டிய முதல் அகில இந்திய சங்கீத மாநாட்டில் பண்டிதர் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அவர் குடும்பத்துப் பெண்கள் உடன் சென்று இசைத்துக் காட்டினார்கள். குடும்பப் பெண்கள் மேடை ஏறிப் பாடுவதை ஊரார் ஏளனமாகப் பார்த்த காலம் அது. எல்லோரும் அவர் கட்சியை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. 22ஐ விட்டுக்கொடுக்க அந்த அவையில் பலர் ஆயத்தமாக இல்லை.

1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. தஞ்சாவூரிலேயே, பண்டிதரின் சொந்த லாலி மின் அச்சகத்தில் அச்சானது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூல். இரண்டு ஆண்டுகளில், 1919 ஆகஸ்ட் 31ஆம் திகதி, அவர் இறந்தார். மாநாடுகளும் நின்றன. இரண்டாம் பாகத்தை மகள் மரகதவல்லி 1946இல் வெளியிடும் வரை குடும்பம் அந்தத் தாள்களைக் காத்து வைத்திருந்தது.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன்.

மயில்வாகனம் என்ற இயற்பெயருடைய விபுலானந்தர் 1892 மார்ச் 27ஆம் திகதி பிறந்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1924இல் துறவு பூண்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே. இந்த விவரங்களை எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். யாழ்நூலுக்கு இவற்றில் மிக முக்கியமானது 1920ஆம் ஆண்டுப் பட்டம் என்பது என் எண்ணம். தமிழ்ப் புலமையுள்ளோர் பலர் சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வந்து தடுமாறி நின்றார்கள். எண்ணையும் ஓசையின் பின்னங்களையும் அறிந்த ஒருவரே அந்த வரிகளுக்குள் போக முடிந்தது.

யாழ் என்பது வீணையன்று. வீணையில் ஒரே தந்தியை மெட்டின்மேல் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். வில்லைப் போல் வளைந்த யாழில் ஒரு நரம்புக்கு ஓர் ஓசைதான். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். இடைக்காலத்தில் அந்தக் கருவி வழக்கொழிந்தது, சொல் மட்டும் மிஞ்சியது. எங்கள் நாட்டில் ஒரு நகரத்தின் பெயரிலேயே யாழ் இருக்கிறது, ஆயினும் அதைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. உரையில் உள்ள சொற்களையும், கோயில்களிலும் பௌத்தத் தூபிகளிலும் உள்ள சிற்பங்களையும், பிற நாட்டுப் பழைய நரம்புக் கருவிகளையும் பக்கத்தில் வைத்துச் சுவாமிகள் அந்தக் கருவியை மீட்டெடுக்க முயன்றார். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்று நூல் விரிகிறது.

இவற்றுள் பாலைத்திரிபியல்தான் நூலின் உயிர்நிலை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அலகு. கூட்டினால் 22. நரம்பைத் தொடாமல், தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றினால் செம்பாலை படுமலைப்பாலையாகும், அடுத்த நரம்பில் தொடங்கினால் செவ்வழிப்பாலை, இப்படியே ஏழு பாலைகள். செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது பின்னர் அறிஞர்கள் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து. சங்கீதம் படிக்கிற எந்தப் பிள்ளையும் அரிகாம்போதியின் மத்திமத்தை ஆதார சட்சமாகக் கொண்டு பாடிப் பார்த்தால் சங்கராபரணம் வருவதைக் கேட்கலாம். சிலப்பதிகாரக் காலத்து அரும்பாலை அங்கே இருக்கிறது.

கவனித்தீர்களா, 22. பண்டிதர் வாழ்நாளெல்லாம் எதிர்த்த எண்ணைத் தமிழ் மூலத்திலிருந்தே எடுத்து நிறுத்தினார் விபுலானந்தர். இருவரும் ஒரே காப்பியத்தைப் படித்தார்கள். தமிழிசையின் வேர் பழந்தமிழ் நூல்களில் உண்டு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. எண்ணில்தான் பிரிந்தார்கள். மேடைப் பேச்சாளர்கள் இருவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி, இருவரும் தமிழிசையை நிலைநாட்டினார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கிடையே இருந்த கருத்து வேறுபாட்டை மறைப்பது இருவருக்கும் செய்யும் மரியாதைக் குறைவு என்றே எனக்குப் படுகிறது. என்னைக் கேட்டால், உரையின் சொற்களுக்கு நெருக்கமாக நிற்பது விபுலானந்தர் கணக்கு. ஆனால் இந்தக் கேள்வியைக் கோயிலுக்கும் சபாவுக்கும் வெளியே கொண்டுவந்து, கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்ற துணிவைத் தந்தவர் பண்டிதர். அவர் வாதாடியிராவிட்டால் மறுமொழிக்கு இடமேது?

யாழ்நூலை வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். கரந்தை என்பது தஞ்சாவூரின் ஒரு பகுதி. சங்கம் 1911இல் தோன்றியது. 1941இல் இறக்கும் வரை அதன் தலைவராக இருந்த தமிழவேள் உமாமகேசுவரனார் அதைத் தமிழாராய்ச்சியின் உறைவிடமாக்கியிருந்தார். நூலை முடிக்கப் புதுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த சிதம்பரம் செட்டியார் என்ற வள்ளல் இடமும் பொருளும் தந்து தாங்கினார். ஆக, தமிழிசை வரலாற்றின் இரண்டு பெருநூல்களும் முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரிலிருந்து வந்தன. எழுதிய இருவரும் அந்த ஊரார் அல்லர். ஒருவர் நெல்லைச் சீமைக் கிறிஸ்தவ வைத்தியர், மற்றவர் கடல் கடந்த கரையின் துறவி. இருவருமே வித்துவான் குடும்பத்தில் பிறந்தவர்கள் இல்லை.

அரங்கேற்றத்துக்குத் திருக்கொள்ளம்பூதூரைத் தேர்ந்ததிலும் பொருத்தம் உண்டு. திருஞானசம்பந்தர் ஆற்றுவெள்ளத்தில் ஓடம் செலுத்திக் கடந்ததாகச் சொல்லப்படும் தலம் அது. சம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் யாழில் அடங்காமற்போக, பாணர் கருவியையே உடைக்க ஓங்கினார் என்பது புராணச் செய்தி. குரலில் வருவதெல்லாம் நரம்பில் வருமா என்ற கேள்வி எத்தனை பழையது பாருங்கள்.

உடல்நலம் குன்றியிருந்த சுவாமிகள் அந்த இரு நாளும் அவையில் இருந்தார். நாவலர் சோமசுந்தர பாரதியார், இசைப் பேராசிரியர் சாம்பமூர்த்தி முதலியோர் வந்திருந்தார்கள். சுவாமிகளின் ஆராய்ச்சிப்படி செய்யப்பட்ட யாழ்களைச் சங்கீதபூஷணம் க.பொ. சிவானந்தம் பிள்ளை மீட்டினார். அவர் யார் தெரியுமா? தஞ்சை நால்வர் என்று மேலே சொன்னேனே, அந்தச் சகோதரர்களின் வழிவந்தவர். நாட்டிய மேதை பொன்னையா பிள்ளையின் மகன். அரண்மனை வித்துவான்களின் பேரன் ஒருவர், மட்டக்களப்புக் கரையின் துறவி கணக்கிட்டுச் செய்த கருவியை எடுத்து மீட்ட, அவையினர் கேட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தபோது, தஞ்சாவூரில் இரண்டு நாள் தங்கி அந்நகரின் இசை மரபை அறியும் ஒரு நிகழ்ச்சியில் சேர்ந்துகொண்டேன். சனி, ஞாயிறு இரு நாள். தங்குமிடமும் உணவும் நன்றாகவே இருந்தன. சனிக்கிழமை காலை பெரிய கோயில், பிறகு அரண்மனையின் சங்கீத மகால், சரஸ்வதி மகால், மாலையில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதி, இரவு ஒரு கச்சேரி. கூட வந்தவர்களில் சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த தமிழர்கள் இருந்தார்கள். வழிகாட்டியான இளைஞர் நல்ல பிள்ளை, தியாகராஜரைப் பற்றி மனம் உருகப் பேசினார். நிகழ்ச்சி நிரலில் பண்டிதரும் இல்லை, கரந்தையும் இல்லை. தேநீர் வேளையில் விசாரித்தபோது, கேள்விப்பட்டிருப்பதாகவும் நேரம் போதாது என்றும் சொன்னார். ஐந்து நிமிடம் கைதட்டுவதற்கு நேரம் இருந்த நிகழ்ச்சியில், கேள்வி கேட்பதற்கு மட்டும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

ஆனால் ஞாயிறு காலை எங்களை ஒரு வீணைப் பட்டறைக்கு அழைத்துப் போனார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். குடமும் தண்டியும் ஒரே பலா மரத்தில் குடைந்து எடுக்கப்பட்ட வீணை ஒன்று மடியில் கிடந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஆசாரி அதற்கு மேளம் கட்டிக்கொண்டிருந்தார். தண்டியின் இரு ஓரத்திலும் மெழுகு பிடித்து, அதன்மேல் 24 மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கும் வேலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு மெட்டை வைப்பார், தந்தியை மீட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், மெட்டை மயிரிழை நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். அளவுகோல் எதுவும் பக்கத்தில் இல்லை.

24 மெட்டு என்றதும் பண்டிதரின் எண் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு ஸ்தாயிக்குச் சேர்த்து 24, ஆகவே ஸ்தாயிக்கு 12. சுருதி 22ஆ 24ஆ என்று அவரிடம் கேட்டேன். தம் தகப்பனார் காலத்திலும் படித்தவர்கள் வந்து இதையே கேட்பார்கள் என்றும், தாம் 12 வைப்பதாகவும், மீதியை வாசிக்கிறவர் தந்தியை இழுத்து எடுத்துக்கொள்வார் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு ஒரு மெட்டின்மேல் தந்தியைச் சற்றே இழுத்து, காந்தாரம் நகர்வதைக் காட்டினார். 1912இல் தஞ்சாவூர் அவையில் நாள்கணக்கில் வாதாடிய விஷயம் அவர் விரலடியில் நடந்தது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அதற்குள் படம் எடுத்துவிட்டு வாகனத்தில் ஏறியிருந்தார்கள்.

தஞ்சாவூரின் மரபு எங்களுக்கு எவ்வளவு தொலைவு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானது, ஏறக்குறைய 131 அடி, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங்கர் கட்டிக் கொடுத்தது. பாடகர்களைப் பேணிய அதே அரண்மனையின் பணம் அது. அந்த நாகூர் ஆண்டகையின் பெயரால் கல்முனைக்குடியில் கடற்கரைப்பள்ளி இருக்கிறது. நாகூரில் கந்தூரிக் கொடி ஏறும் அதே ஜமாதுல் ஆகிர் மாதத்தில் இங்கும் கொடி ஏறும். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடல் மணலில் நின்று, பாவாமார் தஃப் அடித்துப் பைத்துப் பாடக் கேட்டதே என் முதல் இசை. அவர்கள் இழுத்த இழுப்பில் இருந்த சுரத்துக்கு என்ன பெயர் என்று சொல்ல அங்கே யாருமில்லை. பின்னாளில் சேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரத்தைக் கேட்டபோது, ஆந்திராவில் பிறந்த ஒரு முஸ்லிம் நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் போய் இருந்து தஞ்சாவூர் பாணியைக் கற்றார் என்று அறிந்தேன். அங்கும் அதே கதைதான்: வெளியூரார் வந்து தங்கிக் கற்றது.

மட்டக்களப்புக் கல்லடியில் 1982இல் சுவாமிகள் பெயரில் தொடங்கிய இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாக வளர்ந்திருக்கிறது. சுவாமிகளின் சமாதியும் கல்லடி உப்போடையில்தான், அவர் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவில். அங்கே வீணை உண்டு, வயலின் உண்டு, மிருதங்கம் உண்டு, படிக்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டு நூல்களும் இப்போது கணினித் திரையிலேயே படிக்கக் கிடைக்கின்றன. காரைதீவு மணிமண்டபத்தில் ஒரு சனி, ஞாயிறு தங்குவதற்குப் பத்து வித்துவான்களும் பத்துப் பிள்ளைகளும் போதும். கடற்கரைப்பள்ளியிலிருந்து இரண்டு பாவாமாரையும் அழைக்க வேண்டும் என்பது என் விருப்பம். யாழ்நூலின் பாலைத்திரிபியலை ஒரு பக்கமும் கருணாமிர்த சாகரத்தின் வட்டப்பாலைக் கணக்கை மறுபக்கமும் விரித்து வைத்து, நடுவில் ஒரு வீணையை வைக்க வேண்டும். மாலையும் பொன்னாடையும் தேவையில்லை. சென்ற ஆண்டு நினைவு விழாக் கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். தலைவர் நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார். பின்வரிசையில் இருந்த ஓர் உயர்தர வகுப்பு மாணவி மட்டும் கூட்டம் முடிந்து வந்து, நாலும் நாலும் மூன்றும் என்று நீங்கள் சொன்ன கணக்கை மறுபடி சொல்லுங்கள் சேர் என்று கேட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டு போனாள்.